பெம்பா மச்சான் சொன்ன செய்தி

மருத்துவமனைக்குப் புறப்பட்ட அன்று காலையில் எனெலேசி ஜெரே அம்மையார், தாம் கேட்கப்போகும் செய்தியைக் காட்டிலும் தாம் கொடுக்கப்போகும் பரிசைப் பற்றியே அதிகம் யோசித்துக்கொண்டிருந்தார். பரிசு, கேக் வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் இருந்தது. உப்பிட்டு வேகவைத்து உலர்த்திய பன்னிரண்டு எலிகள், மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே வரிசை பிசகாமல் செருகப்பட்டு, வெள்ளைக் காகிதத்தின்மேல் படுத்திருந்தன. பெட்டியின் மேல் பச்சை நாடா. சிப்பாட்டாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லிவைத்து வரவழைத்த எலிகள் அவை.

"டாக்டர் இதத் திறக்கும்போது அந்த மூஞ்சிய நான் பாக்கணும்" என்றார், வண்டியை ஓட்டிக்கொண்டே. "நீங்க ஃபோட்டோ எடுங்க. கை நடுங்காம எடுக்கணும்."

"ஃபோட்டோ எடுக்கத்தான் என்னையும் வரச் சொன்னாரா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த கணவர் வைட்சன். தண்ணீர் வாரியத்தில் முப்பது வருடம் குழாய் பழுது பார்த்து ஓய்வுபெற்ற அவர், நெடிய உருவத்தை மடக்கி, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார்.

"வேற எதுக்கு? நம்ம வீட்டுல எத்தன போர்வை இருக்குன்னு உங்ககிட்ட விசாரிக்கத்தான்."

வைட்சன் சிரித்தார். அடைப்பு நீங்கிய குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வருமே, அப்படி விட்டுவிட்டு வரும் சிரிப்பு.

டாக்டர் கசோன்டே பெம்பா இனத்தவர். எனெலேசி அம்மையார் ங்கோனி இனத்தவர். அவர்களுடைய முன்னோர் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்தி அலுத்து ஓய்ந்தபிறகு, பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் வாயால் குத்திக்கொள்ளும் உரிமையை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். பெம்பாவும் ங்கோனியும் எங்கே சந்தித்தாலும் முறை உறவுதான்: மாமன் மகள், அத்தை மகன். வங்கியில் வரிசையில் நிற்கும்போதும் வைவார்கள். நீதிமன்றப் படிக்கட்டிலும் வைவார்கள். சாவு வீட்டில் கட்டாயம் வைவார்கள். கோபித்துக்கொள்பவர் வளர்ப்புச் சரியில்லாதவர் என்பது இரு தரப்புக்கும் பொதுவான தீர்ப்பு.

மூன்று வாரங்களுக்கு முன்னால், இடது மார்பில் ஒரு கட்டியோடு எனெலேசி அம்மையார் முதன்முறையாக அந்த அறைக்குள் நுழைந்தபோது அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக லுசாக்கா நகரத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பயிற்சி வண்டியில் தம் காலுக்கடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, லாரிக்கும் மரத்துக்கும் நேராகப் போகிறவர்களைப் பார்த்தே பழகியவர் என்பதால், எளிதில் தொண்டை வறள்கிற ரகம் அல்ல. டாக்டர் சீட்டில் இருந்த பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஜெரேயா? எலி தின்னிக் கூட்டமா? நாற்காலியில பாத்து உக்காருங்க, கடிச்சுக் கிடிச்சு வச்சிடாதீங்க."

அவ்வளவுதான். தொண்டையில் ஈரம் ஊறிவிட்டது.

"பெம்பாவா? கசாமா ஊர்க்காரரா?" என்றார் அம்மையார். "அதானே பாத்தேன். குரங்குக் கறி வாசம் கேட்டுலயே வந்துச்சே."

அன்று டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அக்குளைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடத்தில் விரல் ஒரு கணம் கூடுதலாக நின்றது. "ஊசி விட்டு எடுத்துப் பரிசோதிக்கணும்" என்றவர், அம்மையாரின் முகத்தைக் கவனித்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க, மாமன் மகளே. செத்துத்தான் போவீங்க. உங்க சாவு வீட்டுக்கு நானே நேர்ல வந்து, நல்ல போர்வையா ரெண்டு எடுத்துக்கிட்டு, சவப்பெட்டி மேல ஏறி உக்காந்து, சாப்பாடு சரியில்லன்னு தகராறு பண்ணிட்டுத்தான் போவேன்" என்றார். அம்மையார் சிரித்த சிரிப்பில் ஊசி ஏறியதே தெரியவில்லை. ஊசியில் என்ன கிடைத்தது என்று பிறகு கேட்டதற்கு, "குட்டி எலி ஒண்ணு" என்று பதில் வந்தது.

ஆகவே மூன்று நாளைக்கு முன்னால் ஃபோனில், "ரிசல்ட் வந்துடுச்சு, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டபோது, அம்மையார் அதையும் விளையாட்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு வேறு அவசரமும் இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குச் சிப்பாட்டாவுக்குப் பஸ். அங்கே ங்கோனிகளின் முதற்கதிர்த் திருவிழா. விழா முடிந்தபிறகு தம்பி சகேயுவின் வீட்டில் தங்கி, மக்காச்சோளம் அறுத்து முடித்து, மே மாதம்தான் திரும்புவதாகத் திட்டம். துணிகளெல்லாம் ஏற்கெனவே பையில் ஏறிவிட்டன.

அறைக்குள் நுழைந்ததும் அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இந்தாங்க, மச்சான். கேக். உங்க ஜனத்துக்கு மரத்துல பறிச்சதுதான் புடிக்கும்னு தெரியும். இருந்தாலும் ஒரு நாள் மனுஷங்க சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்க."

வைட்சன் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். டாக்டர் பெட்டியைத் திறக்கவில்லை. நன்றி சொல்லி, அதை ஓர் ஓரமாக நகர்த்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேசைக்குப் பின்னால் இருந்த தம் நாற்காலியை இழுத்துவந்து, அவர்கள் இருவருக்கும் எதிரே போட்டு, முழங்கால் முட்டும் தொலைவில் உட்கார்ந்தார். குள்ளமான மனிதர், வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா" என்றார்.

"அம்மாவா? மாமன் மகள அம்மான்னு கூப்பிடுறது எந்த ஊர் வழக்கம்?"

"அம்மா, பரிசோதன முடிவு வந்துடுச்சு. உங்களுக்கு மார்புல இருக்கறது புத்துநோய். மூணாம் கட்டத்துல இருக்கு. அக்குள்ல இருக்கற முடிச்சுகளுக்கும் போயிடுச்சு."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு எனெலேசி அம்மையாரின் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, தோளை உலுக்கி, கண்ணில் நீராக வழிந்து, அவரை நாற்காலியோடு பின்னுக்குச் சாய்த்தது. வைட்சனுடைய குழாயும் திறந்துகொண்டது.

"அசத்திட்டீங்க" என்றார் அம்மையார், மூச்சு வாங்கிக்கொண்டு. "கதவச் சாத்துனது, நாற்காலிய இழுத்தது, கண்ணாடியக் கழட்டுனது. சினிமாவுல கூட இவ்வளவு ஒழுங்கா பண்ண மாட்டாங்க. நீங்க எடுத்தீங்களா ஃபோட்டோ?"

"கை நடுங்கிடுச்சு" என்றார் வைட்சன்.

"நான் விளையாடல" என்றார் டாக்டர்.

"அதுதான் உச்சம். 'நான் விளையாடல'. மறுபடியும் சொல்லுங்க, இவர் எடுத்துக்கட்டும்."

டாக்டர் எழுந்து, கோப்பிலிருந்து ஆய்வக அறிக்கையை எடுத்து நீட்டினார். அம்மையார் அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். நடுவில் இருந்த நீளமான மருத்துவச் சொற்களைத் தாண்டி, கீழே இருந்த கையெழுத்துக்கு நேராகப் போனார்.

"முலெங்கா" என்று வாய்விட்டுப் படித்தார். "பக்கத்துல இன்னொருத்தர், முட்டாலே. ஏங்க, இங்க பாருங்க. மூணு குரங்கு தின்னி ஒண்ணா உக்காந்து ஒரு எலி தின்னிக்கு நோய் தயார் பண்ணியிருக்காங்க. முத்திரை கூடக் குத்தியிருக்காங்க. ஆஸ்பத்திரிக் காகிதத்த இப்படியெல்லாம் வீணாக்கலாமா, மச்சான்?"

"அவங்க ஆய்வகத்துல வேலை பாக்கறவங்க. பெம்பாவா இருக்கறது அவங்க தப்பு இல்ல."

"யாரு சொன்னா? அது தப்புதான்."

வைட்சன் தொடையில் அடித்துக்கொண்டார். டாக்டர் நெற்றியைத் துடைத்தார். "கேளுங்க. இந்த நிமிஷம் நான் உங்க மச்சான் இல்ல. டாக்டர். அவ்வளவுதான்."

"அதெப்படி? சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுற மாதிரியா? நான் வெளிய போனதும் திரும்பப் போட்டுக்குவீங்களா?"

"எங்கம்மா கல்லற மேல சத்தியமாச் சொல்றேன்."

"உங்கம்மா சாவுக்கு எங்காளுங்க வந்திருப்பாங்களே. என்ன பண்ணாங்க?"

டாக்டர் பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நல்ல தாய்க்குப் பிறந்தவர், தாயின் இறுதிச் சடங்கைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். "வந்தாங்க" என்றார். "ங்கோனிப் பொம்பளைங்க நாலு பேரு. எங்கம்மா மாதிரியே முக்காடு போட்டுக்கிட்டு, எங்கம்மா மாதிரியே நொண்டி நொண்டி நடந்து, எங்கப்பாவப் பாத்து, 'ஏன்யா, எனக்கு வாங்கித் தரேன்னு சொன்ன செருப்பு எங்க?'ன்னு கேட்டாங்க. எங்கப்பா அழுதுகிட்டு இருந்தவரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவருடைய உதடு, அவரைக் கேட்காமலே, ஓரத்தில் வளைந்துவிட்டது.

"சிரிச்சிட்டார்" என்றார் அம்மையார். "பாத்தீங்களா? சிரிச்சிட்டார். ஆட்டம் முடிஞ்சுது."

டாக்டர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைகளுக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கணும். ஊசி வழியா ஏத்தற மருந்து. மூணு வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் ஆறு சுற்று. கட்டி சுருங்கும். அதுக்கப்புறம் அறுவை. இடது மார்ப முழுசா எடுத்துடணும்."

"எடுத்து? கசாமாவுக்கு அனுப்பி வறுத்துத் திங்கப்போறீங்களா?"

இதற்குப் பெம்பாவாகப் பிறந்த எவரிடமும் பத்து விடைகள் இருக்கும். எலியோடு சேர்த்து வறுப்பதைப் பற்றி ஒன்று, ங்கோனிக் கறியின் கடினத்தைப் பற்றி ஒன்று என்று வாய்க்கு முன்னால் வந்து நிற்கும். டாக்டர் கைகளை முகத்திலிருந்து எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் அம்மையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைட்சனுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"லிண்டிவே அம்மா" என்று மகளுடைய பெயரைச் சேர்த்து மனைவியை மெதுவாக அழைத்தார். "அவரு திருப்பித் தரல."

"என்னத்த?"

"நீ வஞ்சதுக்கு அவரு திருப்பி வையல. வந்ததுலேருந்து ஒண்ணு கூட வையல."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு நடிப்பப் பத்தி என்ன தெரியும்?"

சொல்லும்போதே எனெலேசி அம்மையாரின் வலது கால் தரையை அழுத்திற்று. எதிரே லாரி வரும்போது, பயிற்சி பெறுபவர் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, தேடி அழுத்துகிற அந்த இடத்தை அது தேடிற்று. சிமெண்டுத் தரையில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் காலை இழுத்துக்கொண்டார், இன்னும் உரக்கச் சிரித்தார், தனியாகச் சிரித்தார், எழுந்து சித்தெங்கே துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சரி, மச்சான். நல்லாச் சிரிக்க வச்சீங்க. எனக்கு விடியக்காலைல பஸ்ஸு. சோளம் அறுத்து முடிச்சு மே மாசம் வர்றேன். அப்ப மிச்சத்தச் சொல்லுங்க."

டாக்டர் அவருக்கு முந்திக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்து, அதில் குறுக்காக நின்றார். வெளியே நடைவழியில் பெஞ்சுகள் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, பதினெட்டு வருட அனுபவமுள்ள அந்தப் புற்றுநோய் மருத்துவர், சந்தையில் கூவுகிறவரைப் போலக் குரல் கொடுத்தார்.

"இங்க ங்கோனிக்கு முறை இல்லாதவங்க யாராவது இருக்கீங்களா?"

நடைவழி ஒரு கணம் திகைத்தது. பிறகு அனைவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கடைசிப் பெஞ்சில் தொப்பியோடு இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். "நான் டோங்கா. என்னால ஆகுமா?"

"உங்களுக்கு ரத்தம் எடுக்கணும், உக்காருங்க" என்றபடி தலைமைச் செவிலியர் நலிஷெபோ வந்தார். கஞ்சியிட்ட உடுப்பு, மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம், கையில் வரிசை எண்படி அடுக்கிய கோப்புகள். "டாக்டர், இது என்ன கூச்சல்?"

"சிஸ்டர், நீங்க லோசிதானே?"

"மோங்குவுல பொறந்தேன். அதுல என்ன சந்தேகம்?"

"ங்கோனிகளோட உங்களுக்குக் கேலி முறை உண்டா?"

"டோங்காக்காரங்களோட மட்டும்தான். அதுவும் வேலை நேரத்துல கிடையாது."

"லோசி சொல்ற எதையும் நம்பாதீங்கம்மா" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து தொப்பிக்காரர் தம் முறையைச் செலுத்தினார். "சாப்பாட்டு நேரம் தவிர மத்த நேரமெல்லாம் பொய்தான் சொல்வாங்க." சிஸ்டர் நலிஷெபோ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினார்.

டாக்டர் கோப்பை அவரிடம் கொடுத்தார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நான் பெம்பா."

"ஓ" என்றார் சிஸ்டர். அந்த ஓர் எழுத்திலேயே அனைத்தையும் புரிந்துகொண்டார். முதல் பக்கத்தைத் திறந்தார். "உக்காருங்க. உங்க முழுப் பேரு?"

"எனெலேசி ஜெரே."

"பொறந்த தேதி?"

அம்மையார் சொன்னார். சிஸ்டர் அதைக் கோப்பில் விரல் வைத்து ஒப்பிட்டார். அடுத்த பக்கத்தையும் அதற்கடுத்த பக்கத்தையும் முழுமையாகப் படித்தார். அவருக்கு அவசரமே இல்லை. பிறகு கோப்பை மூடி, அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்கு மார்புப் புத்துநோய் இருக்கு. மூணாம் கட்டம். அக்குள் முடிச்சுக்கும் பரவியிருக்கு. திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கணும். நான் லோசி."

இம்முறை மின்விசிறி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று யாரும் எண்ணவில்லை. தொண்டைவரை வந்திருந்த சிரிப்பு, இறங்க இடம் தெரியாமல், அங்கேயே நின்றது. எனெலேசி அம்மையாருக்கு முதலில் வந்தது பயம் அல்ல. கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம். டாக்டர் 'அம்மா' என்று அழைத்த அந்தக் கணமே தமக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அதற்குப் பிறகு சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் கதவை உட்புறமிருந்து தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்த சிரிப்பு என்பதும் அவருக்கு மிகவும் தெளிவாக விளங்கின.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.

சிஸ்டர் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல், 'நான் லோசி' உட்பட, அப்படியே மறுபடியும் சொன்னார்.

வைட்சன் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். டாக்டர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைப் போல.

"தப்பு என்மேலதான்" என்றார். "மொத நாளே சாவு வீட்டுப் பேச்செல்லாம் பேசிட்டேன். உங்களுக்குப் பயம் போகட்டும்னுதான் பேசினேன். உங்க ஜனத்துல யாரு வந்தாலும் அப்படித்தான் பேசுவேன். இப்படித் திரும்பும்னு நினைக்கல."

"பயம் போச்சு" என்றார் அம்மையார். "அதுல ஒரு தப்பும் இல்ல. நீங்க பண்ண தப்பு வேற. பாதியில நிறுத்திட்டீங்க. மூணு வாரம் மச்சானா இருந்துட்டு, இன்னைக்குப் பாத்து அம்மாங்கறீங்க. எனக்கு நோய் வந்தா உறவு போயிடுமா?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இப்படி வச்சுக்கலாம்" என்றார் அம்மையார். நிமிர்ந்து உட்கார்ந்து, புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு இடம் பிரித்துக்கொடுக்கும் குரலில் சொன்னார். "சிஸ்டர், நான் கேக்கறதுக்கெல்லாம் உண்மைய நீங்க சொல்லுங்க. மச்சான், நீங்க உங்க வேலையப் பாருங்க. ரெண்டு பேரும் இடம் மாறக் கூடாது. முடி கொட்டுமா?"

"கொட்டும்" என்றார் சிஸ்டர். "ரெண்டாவது சுற்றுக்கு முன்னாடியே முழுசும் போயிடும். அப்புறம் மொளைக்கும்."

அறையிலிருந்த மூவரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் தயங்கினார், இருமினார்.

"இன்னைக்குப் பொறந்த எலிக்குட்டி மாதிரி இருப்பீங்க" என்றார். "கூட்டத்துக்குள்ள போனா யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"இது" என்றார் அம்மையார். தொண்டையில் நின்றிருந்தது ஒருவழியாகச் சிரிப்பாகவே வெளியேறியது. "உங்க தலையவிட நல்லாத்தான் இருக்கும். அப்புறம், சிஸ்டர், மார்பு முழுசும் எடுத்துத்தான் ஆகணுமா?"

"ஆகணும். தழும்பு ஆறுறதுக்கு ஆறு வாரம். கையத் தூக்கறதுக்குப் பயிற்சி குடுப்போம். பாரம் தூக்கக் கூடாது."

"சீட் பெல்ட் இனிமே உறுத்தாம உக்காரும்" என்றார் டாக்டர்.

வைட்சன் சிரிக்கத் தொடங்கி, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியாமல், இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் தம் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"வண்டி ஓட்டலாமா?"

"மருந்து ஏத்தின வாரம் கூடாது. மயக்கம் வரும், வாந்தி வரும்."

"லுசாக்கா ஜனங்க மூணு வாரத்துக்கு ஒரு வாரமாவது நிம்மதியா ரோட்டத் தாண்டட்டும்." டாக்டருக்கு இப்போது நா பழகிவிட்டது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல, மேசையோரம் இருந்த பெட்டியின் பச்சை நாடாவை அவிழ்த்தார். "எங்க பாக்கியம், வாந்தி எடுக்கும்போது உள்ள இருந்து என்னென்ன வால் வருதுன்னு நாங்களும்..." என்று மூடியைத் தூக்கியவர் மேலே பேசவில்லை.

பன்னிரண்டு எலிகளும் பல்லைக் காட்டி அவரைப் பார்த்தன.

டாக்டர் ஒரு காலைப் பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு காலையும் வைத்தார். அவருடைய முகம் போன போக்கு, எனெலேசி அம்மையார் மூன்று நாளாகக் கற்பனை செய்துவைத்திருந்ததைவிடப் பல மடங்கு உயர்ந்த தரத்தில் இருந்தது. வைட்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைபேசியை எடுத்துவிட்டார். சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"வெளி உணவு ஆலோசனை அறைக்குள்ள கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கு" என்றார்.

இதற்கு டாக்டரே சிரித்துவிட்டார். நால்வரில் மூவர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் தொடங்கினார்; வெளியே தொப்பிக்காரர், "லோசிய நம்பாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று கதவுக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தது அடங்கப்போன சிரிப்பை மீண்டும் கிளப்பிவிட்டது. சிஸ்டர் நலிஷெபோ பெட்டியை மூடி, நாடாவைப் பழையபடி கட்டி, முடிச்சை நடுவில் வைத்தார்.

சிரிப்பு தானாக வற்றியது. எனெலேசி அம்மையார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொழைப்பேனா, சிஸ்டர்?"

"உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. மருந்தும் அறுவையும் கதிர் சிகிச்சையும் முழுசா முடிச்சவங்கள்ல, உங்க கட்டத்துல வந்தவங்க, பத்துக்கு அஞ்சாறு பேரு அஞ்சு வருஷம் கழிச்சும் இந்த நடைவழியில வந்து உக்காந்துகிட்டு, ஏன் இவ்வளவு நேரம் காக்க வைக்கறீங்கன்னு என்கிட்ட சண்ட போடுறாங்க."

"பாதியில விட்டவங்க?"

"அவங்க சண்ட போட வர்றதில்ல."

அம்மையார் தலையசைத்தார். பிறகு, "சோளம் அறுத்துட்டு வந்தா? மே மாசம்?" என்று கேட்டார்.

சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அம்மையார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இத அவரு சொல்லட்டும்."

டாக்டர் மறுபடியும் நாற்காலியில் வந்து அமர்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, குரலையும் மாற்றவில்லை.

"மாமன் மகளே" என்றார், "திங்கக்கிழமை வந்தீங்கன்னா என்கிட்ட உங்களுக்குக் குடுக்க மருந்தும் இருக்கு, கேலியும் இருக்கு. மே மாசம் வந்தீங்கன்னா, கேலி மட்டும்தான் இருக்கும்."

இது உண்மையா என்று எனெலேசி அம்மையார் சிஸ்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே இப்போது சிரிப்பும் இல்லை. சிரிப்பு இல்லாததைப் பற்றிய குறையும் இல்லை.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.

சிஸ்டர் மூன்று இடங்களைக் காட்டினார். அம்மையார் மூன்றிலும் முழுப் பெயரையும் எழுதினார். வைட்சன் சாட்சிக் கையெழுத்திட்டார். அவருடைய எழுத்துகள் மலையேறுவதைப் போலக் கோட்டைவிட்டு மேலே போயின. திங்கட்கிழமை காலை ஏழரை மணி, பசியோடு வர வேண்டாம், துணைக்கு ஒருவர் வேண்டும் என்றெல்லாம் சிஸ்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மையாரின் கைபேசி ஒலித்தது. சிப்பாட்டாவிலிருந்து தம்பி சகேயு. அவருடைய குரல் எப்போதுமே ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அறை முழுதும் கேட்டது.

"அக்கா, பஸ்ஸு எத்தன மணிக்கு வந்து சேரும்? நான் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வரணும்ல."

"நான் வரலடா, சகேயு."

"வரலயா? விழாவுக்கு வரலன்னா எப்படி? என்னாச்சு?"

எனெலேசி அம்மையார் மூச்சை இழுத்துக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் தம் வாயால் சொல்வது இதுவே முதல் முறை. அது நினைத்ததைவிடச் சிறிதாகத்தான் இருந்தது.

"எனக்குப் புத்துநோய்டா. மார்புல. திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கறாங்க."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்? பேரு என்ன?"

அம்மையார் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் உத்தரத்தைப் பார்த்தார்.

"கசோன்டே."

சகேயுவின் சிரிப்பு, ஐந்நூற்று எழுபது கிலோமீட்டரைத் தாண்டி, அந்த அறைக்குள் வெடித்தது. பின்னணியில் அவர் யாரையோ கூப்பிட்டு, "இங்க வா, இதக் கேளு, பெம்பாக்காரன் எங்கக்காவ எப்படி ஏமாத்தியிருக்கான் பாரு" என்று சொல்வதும், இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொள்வதும் கேட்டன.

சிஸ்டர் நலிஷெபோ பேனாவை மூடிவைத்துவிட்டு, கைபேசியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். தம்முடைய அடுத்த கடமை அதுவே என்பதில் அவருக்கு ஐயமில்லை. எனெலேசி அம்மையார் தலையை அசைத்து மறுத்தார். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். அது எவ்வளவு சுகமானது என்பதும் தெரியும். தம்பியிடமிருந்து அதை இழுத்துப் பறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சிரிச்சு முடிடா" என்றார். "நான் லைன்லயே இருக்கேன்."